அந்த ஒரு வரியை அழிக்காதீர்கள்

புதிதாகச் சேர்ந்திருக்கும் மூன்று பேருக்கும்,

போன வாரம் உங்களில் ஒருவர் என் மேஜைக்கு வந்து கேட்டீர்கள். "அண்ணே, மெசேஜ் அனுப்புற ஃபைல்ல ஒரு வரி இருக்கு. ஒரே ஒரு நம்பர மட்டும் தாண்டிப் போகுது. ஏன்னு எழுதவும் இல்ல. தூக்கிரலாமா?" வேண்டாம், அப்புறம் சொல்கிறேன் என்றேன். அப்புறம் சொல்லவில்லை. எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியாமல்தான் தள்ளிப்போட்டேன்.

திங்கட்கிழமையிலிருந்து நான் திருச்சி ஆபீஸுக்குப் போகிறேன். வேலை அனுபவம் என்று எழுதுகிறவர்கள் பென்ஷன் வாங்குகிற வயதில் எழுதுவார்கள். எனக்கு இருபத்தேழு. இதில் உங்களுக்குச் சொல்லிக்கொடுக்க என்னிடம் தெளிவாக ஒன்று இருக்கிறதா என்பதும் சந்தேகம். நடந்ததைச் சொல்கிறேன்.

நான் சேர்ந்தபோது நம் ஆபீஸில் எட்டுப் பேர். திருக்கோகர்ணத்தில் இப்போது இருக்கிற இதே மாடிதான். ஜெகதாப்பட்டினத்தில் படகு உரிமையாளர்களின் ஒரு சங்கத்துக்கு நாங்கள் ஒரு சின்ன புரோகிராம் செய்துகொண்டிருந்தோம். விசைப்படகு கடலுக்குப் போகும்முன் டோக்கன் வாங்க வேண்டும். டோக்கனில் படகில் போகிற ஆட்களின் பெயர் இருக்கும். யார் கடலில், யார் கரையில் என்பது ஒரு எக்ஸ்எம்எல் ஆவணத்தில் நிற்க வேண்டும். டோக்கன் கவுண்டரில் இருந்த மெஷின் பழசு. கடையில் கிடைக்கிற பெரிய சாஃப்ட்வேர் லைப்ரரி எதுவும் அதில் ஏறாது. அதனால் ஆவணத்தைப் படித்து மாற்றி எழுதுகிற பாகத்தை நாமே எழுதினோம். அதில் நோட் லிஸ்ட் என்கிற துண்டு என் தலையில் விழுந்தது.

அது உங்களுக்குத் தெரியும். ஆனாலும் நான் புரிந்துகொண்ட விதத்தில் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். ஆவணம் என்பது பெட்டிக்குள் பெட்டி. 'கடலில்' என்று ஒரு பெரிய பெட்டி. அதற்குள் படகுப் பெட்டிகள். ஒவ்வொரு படகுக்குள்ளும் ஆட்கள். 'இந்தப் படகில் இருக்கிற ஆட்களை எல்லாம் கொடு' என்று கேட்டால் ஆவணம் நம் கையில் தருவது நோட் லிஸ்ட். அதனிடம் இரண்டே கேள்வி கேட்கலாம். மொத்தம் எத்தனை? இத்தனாவது யார்? அவ்வளவுதான். இதற்கு ஒரு வாரமா என்று எனக்கே சிரிப்பாக இருந்தது. கேட்ட நேரத்தில் யார் யார் இருக்கிறார்களோ அவர்களை ஒரு நகல் எடுத்து வைத்துக்கொண்டேன். மொத்தம் சொன்னது. இத்தனாவது சொன்னது. அதை வைத்து, ஆட்களை ஒரு பெட்டியிலிருந்து இன்னொரு பெட்டிக்கு மாற்றுகிற பாகத்தையும் எழுதி, ஐந்து ஆள், ஆறு ஆள் என்று போட்டுப் பார்த்தேன். எல்லாம் சரி.

எங்கள் டீம் லீடர் ஒரு பெண். மேடம் என்றுதான் கூப்பிடுவோம். பார்த்துவிட்டு, "இது தப்பு" என்றார்.

"சரியாத்தானே மேடம் வருது?"

"வருது. ஆனா எக்ஸ்எம்எல் ஆவணத்துக்குன்னு இருக்கிற விதிமுறைல வேற மாதிரி இருக்கு. லிஸ்ட் லைவ்வா இருக்கணும். ஆவணத்துலேர்ந்து ஒரு ஆள எடுத்தா, ஒன் கையில இருக்கிற லிஸ்ட்லேர்ந்தும் அந்த ஆளு அந்த நிமிஷமே போயிரணும்."

எனக்குப் புரியவில்லை. "நான் எண்ணிக்கிட்டு இருக்கும்போதேவா?"

"எண்ணிக்கிட்டு இருக்கும்போதேதான்."

"அப்ப எண்ணிக்கை எப்படி மேடம் நிக்கும்?"

"அது ஒன் பிரச்சனை. விதிமுறைல இருக்கிறத மொதல்ல செய். புரியிறது அப்புறம் புரியட்டும்."

செய்தேன். நகலைத் தூக்கிவிட்டு, கேட்கும்போதெல்லாம் ஆவணத்துக்குள் போய்ப் பார்த்துச் சொல்கிற மாதிரி மாற்றினேன். மாற்றிய பிறகு மறுபடி சோதித்துப் பார்த்தேனா என்றால், பார்த்தேன். அன்று மதியச் சாப்பாட்டுக்குக் கிளம்புகிற அவசரம். ஒரு படகில் ஒரே ஒரு ஆளைப் போட்டு, அவரைத் தூக்கி அடுத்த பெட்டியில் வைத்தேன். போனார். சரி என்று டிபன் பாக்ஸைத் திறந்தேன். அந்த ஒரு ஆளை மட்டும் போட்டுப் பார்த்தது ஏன் என்று இன்றைக்கும் என்னையே கேட்டுக்கொள்கிறேன். பசி என்பதைத் தவிர வேறு பதில் கிடைக்கவில்லை.

இங்கே என் வீட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கந்தர்வக்கோட்டைப் பக்கம், முந்திரிக் காட்டில் வேலை செய்கிற குடும்பம். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். ஆறாவது படிக்கும்போதிலிருந்தே வீட்டுக்கு எந்தக் காகிதம் வந்தாலும் என் கைக்கு வந்துவிடும். நான் வாசித்துச் சொல்வதுதான் முடிவு. ஒருமுறை ஆஸ்பத்திரிச் சீட்டில் வியாழக்கிழமை வரச்சொல்லி எழுதியிருந்தது. அம்மா, "டாக்டரு வாயால புதன்னு சொன்னாருடா" என்றார். "சீட்டுல வியாழன்னு இருக்கும்மா" என்றேன். வியாழக்கிழமை பஸ் ஏறிப் போனோம். டாக்டர் வரவில்லை. அன்று அவருக்கு அங்கே நாளே இல்லையாம். சீட்டு சரி, டாக்டர்தான் தப்பு என்று நினைத்துக்கொண்டே நான் வீடு திரும்பினேன். எழுத்தில் ஒன்று இருந்தால் அதுதான் நடந்தது என்கிற பழக்கம் எனக்கு அப்படி வந்தது.

புரோகிராம் ஓட ஆரம்பித்த முதல் வாரம் என்னை ஜெகதாப்பட்டினத்துக்கு அனுப்பினார்கள். சங்கத்தின் டோக்கன் அறையில் சுப்பையா அண்ணன் இருப்பார். பல வருஷமாக டோக்கன் எழுதுகிறவர். மெஷின் வந்த பிறகும் கார்பன் வைத்த டோக்கன் புத்தகத்தை அவர் விடவில்லை. "இது இருக்கட்டும். ஒன் பெட்டி படுத்துக்கிச்சுன்னா?" என்பார். டிரைவர் பெயர் முதலில், அப்புறம் மற்ற நாலு பேர், அவர்கள் வந்து சொல்கிற வரிசையில். மெஷினிலும் அதே வரிசைதான்.

படகு கரைக்கு வந்தால் கவுண்டரில் ஒரு பட்டன். படகுப் பெட்டி அப்படியே 'கரையில்' என்கிற பெட்டிக்குப் போகும். ஆனால் எல்லாப் படகும் இங்கேயே வராது. சிலது பக்கத்துத் துறையில் ஒதுங்கிவிட்டு, ஓனர் போனில் சொல்வார். சுப்பையா அண்ணன் கேட்டுக்கொண்டதன்பேரில் ஒரு வசதி செய்திருந்தேன். படகுகள் இரவெல்லாம் கடலில் இருந்துவிட்டுக் காலையில்தான் திரும்பும் என்பதால், காலையில் எல்லா ஓனரும் பேசி முடித்ததும் தட்ட 'நாள் முடிவு' என்று ஒரு பட்டன். மிச்சம் கடலில் இருக்கிற அத்தனையும், ஒவ்வொன்றாக எண்ணாமல், ஒரே மொத்தமாகக் கரைக்கு மாறிவிடும். கரைக்கு மாறியவர்கள் வீட்டுக்கு மெசேஜ் போகும். இன்னார் கரை திரும்பினார் என்று.

எல்லைக்கு அந்தப் பக்கத்துக் கடற்படையிடம் படகு பிடிபட்டால் அதற்குத் தனி வழி. அந்தப் படகின் ஆட்களை ஒவ்வொருவராக எடுத்து 'பிடிபட்டவர்கள்' பெட்டியில் வைக்கும். மாவட்ட அலுவலகத்துக்குப் போகிற மனுவில் ஆட்கள் பெயர்தான் வேண்டும் என்பதால் அப்படி. ஆள் யாரும் இல்லாமல் காலியான படகுப் பெட்டியை நீக்கிவிடும். அந்த வழியை யாரும் உபயோகிக்க வேண்டி வராது என்று நினைத்திருந்தேன்.

நாலாவது நாள் காலையில் வேண்டி வந்தது. கூடப் போன படகுக்காரர்கள் வயர்லெஸ்ஸில் சொல்லியிருந்தார்கள். நம் படகு இரண்டை எல்லைப் பக்கம் மடக்கிக் கொண்டுபோய்விட்டார்கள். படகுக்கு ஐந்து பேர், பத்துப் பேர். ஒன்பது மணிக்கு அறை வாசலில் கூட்டம். மூன்று மணிக்குள் பெயர்ப் பட்டியலோடு மனு போக வேண்டும் என்று சங்கத்தில் சொல்லிவிட்டார்கள். பட்டியலில் பெயர் இருந்தால்தான் அந்த ஆளுக்காகப் பேசவே ஆரம்பிப்பார்கள்.

நான் அந்த இரண்டு படகுக்கும் பிடிபட்டதற்கான பட்டனைத் தட்டினேன். பிறகு சுப்பையா அண்ணன் மற்ற ஓனர்களிடம் எல்லாம் கேட்டு முடித்து, "போட்ருப்பா" என்றார். நாள் முடிவைத் தட்டினேன். மெசேஜ்கள் போயின. எல்லாம் ஒழுங்காக நடந்த மாதிரித்தான் இருந்தது.

பத்து நிமிஷத்தில் ஒரு அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தார். முப்பது வயது இருக்கும். பெயர் பாண்டீஸ்வரி. இறால் ஷெட்டில் வேலை. கையுறையைக்கூடக் கழற்றவில்லை. போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். ரமேஷ் கரை திரும்பினார் என்று இருந்தது.

"தம்பி, இது எங்க வீட்டுக்காரரு. புடிச்ச படகுலதான் போனாரு. வந்துட்டாருன்னு வந்திருக்கு. நெசமா?"

நான் திரையில் பார்த்தேன். ரமேஷ், கரையில்.

"ஆமாக்கா. கரைக்கு வந்துட்டாருன்னுதான் இருக்கு."

சுப்பையா அண்ணன் எட்டிப் பார்த்தார். "படகு மாறி வந்திருப்பான்த்தா" என்றார். அது அங்கே வழக்கம். கடலில் யாருக்காவது காய்ச்சல், கை காயம் என்றால் சீக்கிரம் திரும்புகிற படகில் ஏற்றி அனுப்பிவிடுவார்கள். டோக்கனில் பெயர் ஒரு படகில் இருக்கும், ஆள் இன்னொரு படகில் வந்து இறங்குவார்.

அந்த அக்காவுக்கு மூச்சு திரும்பியதை நான் பார்த்தேன். "முந்தாநாளு வயித்து வலின்னு சொன்னாரு" என்று அவராகவே சொல்லிக்கொண்டார். "நான்தான் போங்க, சரியாப் போயிரும்னு அனுப்பிவிட்டேன். அதான் மாறி வந்துட்டாரு போல." வெளியே ஓடினார்.

முக்கால் மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தார்.

"எந்தப் படகுல வந்தாருன்னு சொல்லு. நானும் ஒவ்வொரு படகாக் கேட்டுட்டேன். பாக்கலன்றாங்க."

"அது இதுல இருக்காதுக்கா. ஐஸ் பிளான்ட் பக்கம் பாத்தீங்களா?"

"பாக்கல."

"ஏலக்கூடம்?"

"போறேன்."

மறுபடி போனார், மறுபடி வந்தார். இப்போது ஓடவில்லை, நடந்து வந்தார். "தம்பி, அவரு வண்டி நிறுத்துன எடத்துலயே நிக்கிது. வந்திருந்தா வண்டிய எடுக்காம எங்கிட்டுப் போவாரு?"

இந்த இடத்தை நீங்கள் கவனிக்க வேண்டும். அவர் கையில் இருந்தது ஒரு வண்டி. துறைமுக வேலியோரம் கடலுக்குப் போகிறவர்கள் வரிசையாக நிறுத்திவிட்டுப் போகிற வண்டிகளில் ஒன்று, எடுத்தவர் இல்லாமல் நின்றுகொண்டிருந்தது. என் கையில் இருந்தது திரையில் ஒரு வார்த்தை. நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"யாராவது வண்டில பின்னால ஏறிப் போயிருப்பாருக்கா. சிஸ்டத்துல தெளிவா இருக்கு. வீட்டுல போயிப் பாருங்க."

"நீங்க படிச்சவங்க சொல்றீங்க" என்றார். அதைக் கிண்டலாகச் சொல்லவில்லை. நம்பித்தான் சொன்னார். அதுதான் இன்னமும் குத்துகிறது.

அவர் வாசலைத் தாண்டும்முன் இன்னொரு பெண் அதே மாதிரி போனை நீட்டிக்கொண்டு வந்தார். அவர் வீட்டுக்காரரும் பிடிபட்ட படகில்தான் போனவர். அவரும் கரை திரும்பினாராம். அவரையும் காணவில்லை. பின்னாலேயே ஒரு வயதானவர், மகன் பெயரில் வந்த மெசேஜோடு.

சுப்பையா அண்ணன் என்னைப் பார்த்தார். "ஏம்ப்பா, மூணு பேருமா படகு மாறுவாங்க?"

 திரையில் ரமேஷ் போன படகைத் தேடினேன். அது காலியாகி நீங்கிப் போயிருக்க வேண்டும். ஆனால் கரையில் இருந்தது. அங்கே கொண்டுபோய்க் கட்டிப் போட்ட படகு என் ஆவணத்தில் இங்கே கரைக்கு வந்து நிற்கிறது, இரண்டு ஆளோடு. மூன்று பேரை விட்டுவிட்டு இரண்டு பேர் படகை ஓட்டிக்கொண்டு தப்பி வந்துவிட்டார்களா? ஒரு நிமிஷம் அப்படியும் நினைத்தேன் என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. திரை தப்பு என்று நினைப்பதைவிட அது எனக்குச் சுலபமாக இருந்தது.

வாசலில் பெண்களுக்குள் சத்தம் எழுந்தது. டிரைவரின் மனைவி அழுதுகொண்டே, "ஒங்களுக்கெல்லாம் மெசேஜ் வருது, எனக்கு மட்டும் ஏன்டி வரல? ஓனருக்கு வேண்டியவங்களுக்கு மட்டும் அனுப்புறானுகளா?" என்றார்.

"ஓனரு யாரு, நாங்க யாரு? போட்டது இந்தத் தம்பி" என்றார் பாண்டீஸ்வரி அக்கா. சுப்பையா அண்ணனின் மேஜைமேல் இருந்த டோக்கன் புத்தகத்தை அந்த அக்காவே இழுத்தார். அந்தப் பக்கத்தைப் புரட்டி, பெயர்மேல் விரல் வைத்தார். "சத்தம் போடாதீங்க. சொல்லுங்க. டிரைவரு, வரல. எங்க வீட்டுக்காரரு, வந்திருக்கு. மூணாவது, வரல. நாலாவது யாரு? ஐயா, ஒங்க மவன். வந்திருக்கு. அஞ்சாவது?"

"எங்களுக்கு வரல" என்று ஒரு குரல்.

அடுத்த படகின் பக்கத்தைப் புரட்டினார். முதல் ஆள் வரவில்லை. இரண்டாவது வந்திருக்கிறது, அந்த இன்னொரு பெண். மூன்றாவது வரவில்லை. நாலாவது வீட்டிலிருந்து யாரும் இங்கே இல்லை. ஐந்தாவது வரவில்லை.

அந்த அக்கா புத்தகத்திலிருந்து தலை நிமிர்ந்தார். "ஒண்ணு விட்டு ஒண்ணு" என்றார். "ஏன் தம்பி, ஆளுகளப் புடிக்கிறவன் ஒண்ணு விட்டு ஒண்ணாவா புடிப்பான்?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. லைவ் லிஸ்ட். நான் முதல் ஆளை எடுத்து அடுத்த பெட்டியில் வைக்கிறேன். வைத்த அந்த நொடியே பட்டியல் சுருங்குகிறது. இரண்டாவது ஆள் முதல் இடத்துக்கு வந்துவிடுகிறார். நானோ அடுத்த ஆளைக் கொடு என்று இரண்டாவது இடத்தைக் கேட்கிறேன். அங்கே மூன்றாவது ஆள் நிற்கிறார். இரண்டாவது ஆளை நான் பார்க்கவே இல்லை. அப்படியே நாலாவது ஆளையும். ஒற்றை ஆளோடு சோதித்தபோது இது எப்படித் தெரியும்? ரமேஷ் டோக்கனில் இரண்டாவது பெயர். கடலில் மிச்சமாக நின்றார். மிச்சத்தை எல்லாம் கரைக்கு மாற்று என்று எழுதியவனும் நான்தான்.

மேடத்துக்குப் போன் செய்தேன். இரண்டு வரி சொல்வதற்குள் அவருக்குப் புரிந்துவிட்டது.

"கடைசி ஆள்லேர்ந்து முன்னாடி வா. இல்லேன்னா மொதல்ல நகல் எடுத்துக்கிட்டு ஓட்டு. ரெண்டு நிமிஷ வேலை. சரி பண்ணு, பட்டியல திருப்பி எடு, அனுப்பு. அதுவரைக்கும் அங்க யாருகிட்டயும் ஒண்ணும் சொல்லிராத. கூட்டம் கொதிச்சிரும். சரியான பட்டியல் கையில வந்ததும் பேசிக்கலாம்."

அவர் சொன்னது தப்பில்லை. அவர் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். ஆனால் நான் நிமிர்ந்து பார்த்தபோது பாண்டீஸ்வரி அக்கா புத்தகத்தில் விரலை எடுக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு நிமிஷ வேலைதான். அந்த இரண்டு நிமிஷமும் அவர் தன் வீட்டுக்காரர் இந்தத் துறைமுகத்தில்தான் எங்கேயோ இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு நிற்க வேண்டும். போனை வைத்துவிட்டேன். முடிவெடுத்துச் செய்தேன் என்று பெருமையாகச் சொல்ல முடியவில்லை. கை அப்படிப் போனது.

"அக்கா, அந்த மெசேஜ் தப்பு."

"தப்புன்னா?"

"நான் எழுதுனது தப்பா எழுதிட்டேன். அண்ணன் கரைக்கு வரல. அந்தப் படகுலதான் இருந்திருக்காரு."

"அப்ப கொண்டுபோயிட்டாங்க."

"ஆமாக்கா."

அவர் கத்துவார் என்று நினைத்தேன். கையுறையை ஒவ்வொன்றாகக் கழற்றினார். "நான் வண்டி நிக்கிதுன்னு சொன்னேன்ல?" என்றார். "சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்கக்கா."

"வீட்டுல போயிப் பாருன்னியே. நான் போயி சோத்துக்கு ஒல வெச்சிருப்பேனேடா."

  கழற்றிய கையுறையை மேஜையில் வைத்துவிட்டு அவரே கேட்டார். "பட்டியல்ல அவரு பேரு இருக்கா?"

"இப்ப இல்லக்கா. சரி பண்ணி..."

"ஒன் பெட்டி வேணாம். கையால எழுது. நான் பாக்கணும்."

எழுதினேன். சுப்பையா அண்ணன் டோக்கன் புத்தகத்திலிருந்து சொல்லச் சொல்ல, வெள்ளைத்தாளில், பத்துப் பெயர். அந்த அக்கா என் தோளுக்குப் பின்னால் நின்று ஒவ்வொரு பெயரையும் வாய்விட்டு வாசித்தார். ரமேஷ் என்று எழுதியதும், "அப்பா பேரையும் போடு. ரமேஷுன்னு இந்த ஊருல பத்து பேரு இருக்கான்" என்றார். போட்டேன். பத்துப் பெயருக்கும் போட்டேன்.

பத்தாவது பெயர் முடிந்ததும்தான் நினைவு வந்தது. இரண்டாவது படகின் நாலாவது ஆள். அவர் வீட்டிலும் மெசேஜ் போயிருக்கும். அவர்கள் இங்கே வராததற்குக் காரணம், வந்துவிட்டார் என்று நம்பி வீட்டில் இருப்பதுதான். போனை எடுத்தேன். நம்பர் அழுத்த வரவில்லை.

"குடு" என்றார் பாண்டீஸ்வரி அக்கா. "நீ பேசாத. அந்தப் புள்ளைய எனக்குத் தெரியும்." போனை வாங்கிக்கொண்டு வெளியே போய்ச் சுவர்ப் பக்கம் திரும்பி நின்று பேசினார். என்ன பேசினார் என்று கேட்கவில்லை. நெடுநேரம் பேசினார்.

பட்டியல் மூன்று மணிக்கு முன்னால் போய்விட்டது. என் எழுத்தில் போனது, பிரிண்ட் இல்லை. மேடத்திடம் எல்லாம் சொன்னேன். சொல்லாமல் இருக்கச் சொன்னதை மீறிவிட்டேன் என்றும் சொன்னேன்.  "நான் அங்க இருந்திருந்தா என்ன பண்ணியிருப்பேன்னு எனக்கும் தெரியல" என்றார் அவர். அதற்கு மேல் அதைப் பற்றி எங்களுக்குள் பேச்சு இல்லை. நாள் முடிவு பட்டன் அன்றோடு போனது. இப்போது ஓனர் போனில் சொன்னால் சுப்பையா அண்ணன் ஒவ்வொரு படகாகத்தான் தட்டுகிறார். அலுத்துக்கொண்டேதான் தட்டுகிறார். நீங்கள் யாராவது அவருக்கு மறுபடி சுலபம் செய்து கொடுக்க நினைத்தால் இதை இன்னொருமுறை வாசியுங்கள்.

பட்டியல் அனுப்பிய அன்று கிளம்பும்முன் அந்த அக்கா திரும்பிச் சொன்னார். "எனக்கு இனிமே மெசேஜ் அனுப்பாத." அங்கேயே உட்கார்ந்து அந்த வரியை எழுதினேன். நீங்கள் கேட்ட வரி அதுதான்.

சில வாரம் கழித்து அவர்களை விட்டார்கள். பத்துப் பேரும் வந்தார்கள். அன்றைக்கு ஒன்பது வீட்டுக்கு மெசேஜ் போனது, சரியாகப் போனது. மறுநாள் காலையில் தயங்கித் தயங்கி அந்த அக்காவுக்குப் போன் செய்தேன்.

"அண்ணன் வந்துட்டாராக்கா?"

"இந்தா ஒக்காந்து சாப்பிடுறாரு. ரெண்டு சுத்து எளச்சுப் போயி வந்திருக்காரு."

"அந்த மெசேஜ் நிறுத்தி வெச்சிருக்கேன்க்கா. இப்ப சரி பண்ணியாச்சு. திருப்பிப் போட்ரவா?"

"வேணாம்."

"இப்ப தப்பே வராதுக்கா. நான் பத்து ஆள், இருபது ஆள் வெச்சுப் பாத்துட்டேன்."

"சரி தம்பி, நீ நல்லாத்தான் பண்ணியிருப்ப. எனக்கு வேணாம்" என்றார். கோபம் இல்லாமல்தான் சொன்னார். "அவரு வந்தா வண்டிச் சத்தம் தெரு மொனையிலயே கேக்கும் எனக்கு. அது போதும்."

பின்னால் ஒரு ஆண் குரல், "யாருடி அது?" என்றது. "அந்தக் கம்ப்யூட்டர் தம்பி. ஒங்களக் கரைக்குக் கொண்டாந்துச்சுல்ல, அது" என்றார். இரண்டு பேரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை.

நோட் லிஸ்ட் இப்போதும் லைவ்வாகத்தான் இருக்கிறது. விதிமுறை அப்படித்தான் சொல்கிறது. ஆட்களை நகர்த்தும் இடத்தில் மட்டும் முதலில் நகல் எடுத்துக்கொள்கிறோம். இரண்டில் எது சரி என்று என்னைக் கேட்டால் இன்னமும் குழப்பம்தான். டோக்கன் எழுதியபோது இருந்த ஐந்து பேரைச் சொல்ல ஒரு நகல் வேண்டும். இந்த நிமிஷம் யார் எங்கே என்று சொல்ல உயிரோடு இருக்கிற பட்டியல் வேண்டும். எதைக் கையில் வைத்திருக்கிறோம் என்று மறந்துவிட்டால், இரண்டுமே ஒரே மாதிரித்தான் பதில் சொல்லும்.

அந்த வரிக்கு மேலே ஒரு குறிப்பு எழுத வேண்டும் என்று பலதடவை உட்கார்ந்தேன். ஒரு வரிக்குள் எழுத வரவில்லை. அதனால்தான் இவ்வளவு. இதை அந்த ஃபைலோடு சேர்த்து வைத்துவிட்டுப் போகிறேன். அந்த நம்பர்காரர் அவராகக் கேட்டால் ஒழிய, வரியை எடுக்காதீர்கள்.